வெயிலும் உப்பும் தின்னும் ரயர்

மன்னார்த் தீவில் ஒரு காரின் அன்றாட ஓட்டம் குறுகியது. பட்டினத்திலிருந்து எருக்கலம்பிட்டிக்கோ பேசாலைக்கோ போய்வருவது, பிள்ளைகளை ரியூஷனுக்கு ஏற்றி இறக்குவது, கிழமையில் ஒருநாள் பாலம் கடந்து முருங்கன் பக்கம் போவது, அவ்வளவுதான். தலைமன்னார் இறங்குதுறை வரை போனாலும் ஒரு வழிக்கு முப்பது கிலோமீற்றருக்குள் முடிந்துவிடும். மிச்ச நேரமெல்லாம் கார் வளவுக்குள் வெயிலில் நிற்கிறது. அதனால் இங்கே பல ரயர்கள் தேய்ந்து முடியுமுன்பே கிழடாகிவிடுகின்றன. பள்ளம் ஆழமாகத்தானே இருக்கிறது, இன்னும் இரண்டு வருடம் ஓடும் என்று நம்பியிருப்போம். கலியாண வீட்டுக்கோ வைத்தியசாலைக்கோ என்று குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் புறப்படுகிற நாளில்தான் அந்த ரயரின் உண்மையான வயது தெரியவரும். மதவாச்சி வழியாக முந்நூறு கிலோமீற்றருக்கும் மேல் ஓட்டம். அந்த ஓட்டத்தைத் தாங்குமா என்று புறப்படுவதற்கு முதல்நாள் வீட்டு முற்றத்திலேயே பார்த்துவிடலாம். அரை மணித்தியாலம் போதும்.

நாட்டு நிலைமையும் இதில் சேர்ந்திருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025இல்தான் தனியார் கார்களுக்கு மறுபடி வழி திறந்தது. இடையில் 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. ரயர் விலையும் கூடவே ஏறியது. நான்கு மாற்ற வேண்டிய இடத்தில் இரண்டை மாற்றியவர்களும், பாவித்த ரயர் வாங்கிப் போட்டவர்களும் ஏராளம். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அப்போது போட்ட ரயர் இன்னும் காரில் இருக்கிறதென்றால் அதைக் குனிந்து பார்க்கும் காலம் வந்துவிட்டது. வாகன வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைச் சான்றிதழ் காட்டியிருப்பீர்கள். அது புகையைப் பற்றித்தான் சொல்லும். ரயரைப் பற்றிச் சொல்ல உங்களைவிட்டால் வேறு ஆளில்லை.

எவ்வளவு காற்று?

ரயர் கடையில் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "அண்ணை, எவ்வளவு அடிக்க?" பலர் யோசிக்காமல் முப்பத்தைந்து என்பார்கள். வேறு சிலர் "நீயே பார்த்து அடி தம்பி" என்று விட்டுவிடுவார்கள். இரண்டுமே சரியான விடை அல்ல. விடை காரிலேயே எழுதியிருக்கிறது.

சாரதிப் பக்கக் கதவைத் திறந்து, ஆசனத்தை ஒட்டி நிற்கும் தூணின் கீழ்ப்பகுதியைப் பாருங்கள். சிறிய ஒட்டி ஒன்று இருக்கும். நம்மிடம் ஓடும் கார்களில் பெரும்பாலானவை ஜப்பானிலிருந்து வந்தவை என்பதால் எழுத்து ஜப்பான் எழுத்தாக இருக்கலாம். இலக்கம் எல்லாருக்கும் பொதுவானது. 220, 230, 240 என்ற மாதிரி இருந்தால் அது கிலோபஸ்கல் கணக்கு. அதை ஏழால் வகுத்தால் கடைக்காரர் பேசும் பி.எஸ்.ஐ. கிட்டத்தட்ட வந்துவிடும். 220 என்றால் 32, 230 என்றால் 33, 250 என்றால் 36. பக்கத்தில் 2.2, 2.3 என்று ஒரு சிறு இலக்கமும் இருந்தால் குழம்ப வேண்டாம், அது அதே அமுக்கத்தைப் பழைய அலகில் சொல்வது. முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் வேறு வேறு இலக்கம் இருக்கலாம். இரண்டையும் ஒரு கடதாசியில் எழுதிக் கண்ணாடிக்குக் கீழே ஒட்டிவையுங்கள். அடுத்தமுறை கடையில் கேட்கும்போது தயங்காமல் சொல்லலாம்.

சில ரயர்களின் பக்கச்சுவரில் 44 பி.எஸ்.ஐ., 51 பி.எஸ்.ஐ. என்று அச்சிட்டிருக்கும். அது அந்த ரயர் தாங்கக்கூடிய உச்ச அளவு. அதைப் பார்த்துக் காற்றடிப்பது பிழை. அளவுக்கு மிஞ்சிய காற்றில் ரயரின் நடுப்பகுதி மட்டும் வீதியைத் தொடும், பிரேக் அடித்தால் வழுக்கும்.

இனி மன்னாருக்கே உரிய சிக்கலுக்கு வருகிறேன். ஒட்டியில் உள்ள இலக்கம் குளிர்ந்த ரயருக்கானது. கார் குறைந்தது மூன்று மணித்தியாலம் நின்றிருக்க வேண்டும், ஓடியிருந்தாலும் ஒன்றிரண்டு கிலோமீற்றருக்கு மேல் ஓடியிருக்கக் கூடாது. காலையில் 26 பாகை வெப்பத்தில் 32 பி.எஸ்.ஐ. இருந்த ரயர், நடுப்பகலில் தார் வீதியில் ஓடி உள்ளே 50 பாகைக்கு ஏறினால் 36ஐக் காட்டும். அது இயல்பு, ரயர் செய்பவர்கள் அதற்குக் கணக்கு வைத்தே செய்கிறார்கள். இது தெரியாமல் ஒருவர் பின்னேரம் கடைக்குப் போகிறார். கேஜ் 36 காட்டுகிறது. கூடிப்போச்சு என்று சொல்லி நான்கு பி.எஸ்.ஐ.யைத் திறந்துவிட்டு 32 ஆக்கிக்கொண்டு வருகிறார். மறுநாள் காலை ரயர் குளிர்ந்து கிடக்கும்போது அதில் இருப்பது 28 அல்லது 29. அவர் இப்போது காற்றுக் குறைந்த ரயரில் மதவாச்சி வீதியில் ஏறப்போகிறார்.

காற்றுக் குறைந்த ரயர் ஒவ்வொரு சுற்றிலும் பக்கச்சுவரை மடித்து விரிக்கிறது. அந்த மடிப்பில் சூடு பிறக்கிறது. சூட்டில் ரப்பரும் உள்ளே இருக்கும் நூல் அடுக்கும் ஒன்றையொன்று விட்டுப் பிரிகின்றன. வெளியே வெயில், கீழே கொதிக்கும் தார், உள்ளே இந்தச் சூடு. கோடையில் நெடுந்தூரம் ஓடும் ரயர் வெடிப்பதற்குக் கூடுதல் காற்றுத்தான் காரணம் என்று நம் ஊரில் பலர் நம்புகிறார்கள். பெரும்பாலும் காரணம் குறைந்த காற்று. வெயிலுக்குப் பயந்து காற்றைக் குறைத்துவிட்டு ஓடுவது ஆபத்தைக் கையால் கூட்டுவதாகும். ஓடிச் சூடான ரயரிலிருந்து ஒருபோதும் காற்றைத் திறந்துவிடாதீர்கள்.

ஓட்டை எதுவும் இல்லாத ரயர்கூட மாதத்துக்கு ஒரு பி.எஸ்.ஐ. அளவில் இழக்கும். ஆகவே மாதத்துக்கு ஒருமுறையும் நெடும்பயணத்துக்கு முன்பும் பார்க்க வேண்டும். சொந்தமாக ஒரு கேஜும், காரின் சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சிறிய மின்பம்பும் வாங்கிவைப்பது இந்தத் தீவில் நல்ல செலவு. அவை இருந்தால் விடியற்காலை வீட்டு முற்றத்திலேயே குளிர்ந்த ரயரை அளக்கலாம். நைதரசன் நிரப்பினால் நல்லது என்று சொல்வார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 வீதம் நைதரசன்தான். அதற்குக் கொடுக்கும் காசை மாதாமாதம் அளந்து பார்க்கும் பழக்கத்துக்குச் செலவிடலாம்.

வயதைப் படிப்பது

பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தேடுங்கள். அதைத் தொடர்ந்து போகும் எழுத்து வரிசையின் முடிவில், முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில் செய்த ரயர். சில ரயர்களில் இந்த நான்கு இலக்கம் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். வெளிப்பக்கம் காணவில்லையென்றால் காருக்கு அடியில் குனிந்து உட்பக்கத்தைப் பாருங்கள், கைப்பேசி வெளிச்சம் போதும். ஐந்து வருடம் கடந்த ரயரை வருடத்துக்கு ஒருமுறை தெரிந்த ஒருவரிடம் காட்டுவது நல்லது. ஆறு வருடத்தில் மாற்றச் சொல்லும் கார் நிறுவனங்களும் உண்டு. எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் பத்து வருடத்துக்கு மேல் ஒரு ரயரும் ஓடக்கூடாது. ஸ்பெயாருக்கும் இதே கணக்குத்தான். வெயிலில் நிற்கும் மன்னார்க் காருக்குப் பத்து வருடம் அதிகம் என்பது என் எண்ணம். ஆறைத் தாண்டவிடாதீர்கள்.

இலக்கம் சொல்வதைக் கண்ணாலும் சரிபார்க்கலாம். ரயரின் பக்கச்சுவரைப் பெருவிரலால் அழுத்தி வளைத்து, பள்ளங்களின் அடியையும் பக்கச்சுவர் றிம்மோடு சேரும் இடத்தையும் பாருங்கள். வெயிலில் கிடந்த ரப்பர் வளையத்தை இழுத்தால் மேலே நுண்ணிய கோடுகள் விரியுமே, அதே கோடுகள் இங்கேயும் தெரியும். தலைமுடி அளவு வெடிப்புகள் மேலோட்டமாக இருந்தால் கவனித்து வரலாம். நகம் இறங்கும் ஆழத்துக்கு வெடிப்பு இருந்தாலோ, பள்ளத்தின் அடியில் நூல் தெரிந்தாலோ பேச்சே இல்லை, மாற்ற வேண்டும். மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும் காரில் சூரியன் படும் பக்கத்து ரயர்கள் மற்றவற்றைவிட முந்திப் பழுதாகும். கிடுகு வேலி நிழலோ பழைய சாக்கோ போட்டு மூடினால்கூட அந்த ரயர் கூடக் காலம் இருக்கும்.

ஜப்பானிலிருந்து வந்த கார்களில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அங்கே பனி விழும் மாகாணங்களில் ஓடிய கார், குளிர்கால ரயரோடேயே கப்பலேறி வந்திருக்கலாம். பக்கச்சுவரில் ஸ்டட்லெஸ் என்ற ஆங்கிலச் சொல்லோ, மலை உச்சிக்குள் பனித்துகள் வரைந்த சின்னமோ இருக்கும். ரயரின் ஒவ்வொரு கட்டத்திலும் கத்தியால் கீறியதுபோல அடுக்கடுக்காய் மெல்லிய வெட்டுகள் தெரியும். அந்த ரப்பரைப் பனியில் விறைக்காமல் இருக்கவென்று மிருதுவாகச் செய்திருக்கிறார்கள். மன்னார்ச் சூட்டில் அது குழைந்துவிடும். வேகமாகத் தேயும், சூடான தாரிலும் மழையிலும் பிரேக் பிடிக்கும் தூரம் கூடும். பாவித்த ரயர் விற்கும் கடைகளிலும் இவை வரும். பள்ளம் ஆழமாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டு வாங்கிவிடாதீர்கள். பாவித்த ரயர் வாங்கத்தான் வேண்டுமென்றால் முதலில் அந்த நான்கு இலக்கத்தையும், அடுத்து உட்பக்கத்தில் ஒட்டுப் போட்ட தடத்தையும் பாருங்கள். மேல்தோல் புதிதாக ஒட்டிய டாக் ரயரை லொறிக்காரர்கள் பின்சில்லுக்குப் போடுவார்கள், அவர்களுக்கு அது பழகிய தொழில். காரின் முன்சில்லுக்கு அது வேண்டாம்.

மாரி வருமுன்

மன்னாரில் மழை என்பது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. வருடத்தின் மிச்சமெல்லாம் காய்ந்து கிடக்கும். மாதக்கணக்கில் தாரில் படிந்த எண்ணெயும் புழுதியும் மணலும் முதல் மழையில் ஒரு வழுக்கல் பூச்சாக மாறும். பள்ளத்தின் ஆழம் அப்போதுதான் உதவிக்கு வரும். ரயருக்கும் வீதிக்கும் இடையில் வரும் தண்ணீரை அந்தப் பள்ளங்கள்தான் வாரி வெளியே தள்ளுகின்றன. தள்ள முடியாமல் போனால் ரயர் தண்ணீரின் மேல் மிதக்கும், ஸ்ரியரிங் கையில் இலகுவாகிவிடும், பிரேக் மிதித்தாலும் கார் கேட்காது.

புதிய கார் ரயரில் பள்ளம் ஏழெட்டு மில்லிமீற்றர் ஆழம் இருக்கும். பிரதான பள்ளங்களின் அடியில் குறுக்கே சிறு மேடுகள் வைத்திருப்பார்கள். அந்த மேட்டின் உயரம் 1.6 மில்லிமீற்றர். மேல்பரப்பு தேய்ந்து அந்த மேட்டோடு சமமானால் ரயரின் ஆயுள் முடிந்தது. பள்ளத்தின் ஆழத்தை அளக்க விசேட கருவி தேவையில்லை. தீக்குச்சியைப் பள்ளத்தில் நிறுத்தி, மேல்மட்டத்தில் நகத்தால் அடையாளம் வைத்து, பிள்ளையின் அடிமட்டத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு ரயருக்கு உட்பக்கம், நடு, வெளிப்பக்கம் என்று மூன்று இடத்தில் அளக்க வேண்டும். கோடைக்கு இரண்டு மில்லிமீற்றர் சமாளிக்கும். ஐப்பசிக்குள் மூன்றுக்குக் கீழே இறங்கியிருந்தால் மாரி முடியட்டும் என்று தள்ளிப்போடாமல் மாரிக்கு முன் மாற்றுங்கள். இரண்டு புதியது மட்டும் வாங்க முடிந்தால் அவற்றைப் பின்சில்லுக்குப் போடுங்கள். பலர் முன்னுக்குப் போடுவார்கள். ஈர வீதியில் முன்பக்கம் வழுக்கினால் சாரதி உணர்ந்து வேகத்தைக் குறைப்பார். பின்பக்கம் வழுக்கினால் கார் சுழன்றுவிடும்.

மூன்று இடத்தில் அளந்ததில் வேறு சேதியும் கிடைக்கும். இரு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவாக ஓடியிருக்கிறது. நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்றுக் கூட. ஒரே ஓரம் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். அலை அலையாகத் தேய்ந்திருந்தால் ஷொக் அப்சோபரில் குறை.

முள்ளும் உப்பும்

தீவின் உள்வீதிகளில் உடைமுள், பனை மட்டையின் கருக்கு, படகு திருத்தும் இடத்தில் சிந்திய ஆணி, மீன்வாடிப் பக்கம் தூண்டில் முள் எல்லாம் ரயரில் ஏறும். உடைமுள் உடனே காற்றை இறக்காது. உள்ளே முறிந்து இருந்துகொண்டு நாளுக்கு ஒன்று, இரண்டு பி.எஸ்.ஐ. என்று கசியவிடும். ஒரு ரயர் மட்டும் மற்ற மூன்றைவிட முந்தி இறங்குகிறதென்றால் சவர்க்காரத் தண்ணீர் கரைத்து ரயர் முழுக்கவும், வால்வைச் சுற்றியும், றிம் சேரும் விளிம்பிலும் பூசுங்கள். குமிழி வரும் இடம்தான் ஓட்டை.

கடலோரக் கார்களில் அந்தக் குமிழி அடிக்கடி றிம் விளிம்பில்தான் வரும். உப்புக்காற்று அலோய் றிம்மின் பூச்சுக்கடியில் புகுந்து வெள்ளை மாவுபோல அரித்துவிடுகிறது. இரும்பு றிம் என்றால் துருப்பிடிக்கிறது. ரயர் அந்தச் சொரசொரப்பில் இறுக்கமாக உட்காராது. கடையில் ரயரைக் கழற்றி, விளிம்பைக் கம்பித் தூரிகையால் சுத்தமாக்கி, பூச்சுக் கொடுத்து மறுபடி ஏற்றச் சொல்லுங்கள். அதைச் செய்யாமல் கிழமைக்குக் கிழமை காற்றடித்து ஓடுபவர்கள்தான் இங்கே அதிகம். கடல்நீர் ஏறிய பாதையில் ஓடியிருந்தால் வீட்டுக்கு வந்ததும் சில்லுகளை நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள். வால்வும் ரப்பர்தான், அதுவும் வெயிலில் வெடிக்கும். ரயர் மாற்றும்போதெல்லாம் வால்வையும் மாற்றச் சொல்லுங்கள். அதன் மூடி சின்னச் சாமான்தான், ஆனால் மணல் பறக்கும் ஊரில் அது இல்லாவிட்டால் வால்வின் ஊசிக்குள் மணல் சிக்கிக் காற்றுக் கசியும்.

முள் குத்திய ஓட்டை, வீதியைத் தொடும் பரப்பின் நடுப்பகுதியில், ஆறு மில்லிமீற்றருக்குள் இருந்தால் ஒட்டலாம். உட்பக்கத்திலிருந்து ஒட்டுவதுதான் உறுதி. வெளியிலிருந்து ரப்பர் குச்சி செருகுவது வீடு போய்ச்சேரும்வரைதான். பக்கச்சுவரில் ஓட்டையென்றால் ஒட்டவே கூடாது. பக்கச்சுவரில் புடைப்பு இருந்தாலும் அப்படித்தான். தார் உடைந்த ஓரத்திலிருந்து மணலுக்குள் இறங்கி ஏறும்போதும் குழியில் வேகமாக விழும்போதும் உள்ளே நூல் அறுந்து அந்தப் புடைப்பு வருகிறது. தடவிப் பார்த்தாலே விரலுக்குத் தட்டுப்படும். அந்த ரயரில் பட்டினம் தாண்டக் கூடாது.

தாம்போதி, காற்று, கழுதை

1990இல் தீவைப் பெருநிலத்தோடு இணைத்த பழைய பாலம் தகர்க்கப்பட்ட பிறகு இருபது வருடம் காத்திருந்து, 2010இல் புதிய பாலமும் தாம்போதியும் கிடைத்தன. இருபக்கமும் கடல், மறைப்பு எதுவும் இல்லை. சோழகம் வீசும் மாதங்களில் பக்கவாட்டிலிருந்து காற்றுக் காரைத் தள்ளும். தம்பபவனி மின்திட்டத்தின் முப்பது காற்றாலைகளைத் தீவின் தெற்குக் கரையில் நிறுத்தியதே இந்தக் காற்றை நம்பித்தான். இடது ரயரில் 32, வலது ரயரில் 26 என்றிருக்கும் கார் இந்தக் காற்றில் ஒருபக்கம் இழுக்கும். சாரதி காற்றுத்தான் இழுக்கிறது என்று நினைப்பார். உயரமான வான்களும் வாகன்-ஆர் மாதிரியான உயர்ந்த சின்னக் கார்களும் இதில் அதிகம் ஆடும். ஒரே அச்சில் உள்ள இரண்டு ரயருக்கும் ஒரே காற்று, ஒரே வகை ரயர், கிட்டத்தட்ட ஒரே வயது இருக்கவேண்டும் என்பது இதனால்தான்.

இருட்டிய பிறகு பட்டினத்திலும் தலைமன்னார் வீதியிலும் கழுதைகள் நடுவீதியில் நிற்கும். பகலில் வாங்கிய சூட்டை இரவிலும் வைத்திருக்கும் தாரில் மாடுகள் படுத்திருக்கும். ஹோர்ன் அடித்தால் எழும்பும் என்று எதிர்பார்க்க முடியாது. திடீர் பிரேக்குக்கு எந்நேரமும் ஆயத்தமாக இருக்க வேண்டிய வீதி இது, ஆகவே மொட்டை ரயரோடு இரவில் இந்த வீதியில் இறங்காதீர்கள். பட்டினத்துக்கு வெளியே காருக்கான வேக எல்லை மணிக்கு 70 கிலோமீற்றர். அந்த வேகம் கூட இரவில் இங்கே அதிகம்.

ஆவணித் திருவிழாவுக்கு மடுவுக்குப் போகிறவர்கள் வானுக்குள் ஆட்களோடு பாய், பானை, அரிசி, தண்ணீர்க் கான் என்று குடும்பத்தையே பெயர்த்து ஏற்றுவார்கள். கூரையிலும் கட்டுவார்கள். ஆகஸ்ட் 15ஐ ஒட்டிய அந்த நாட்கள் வறண்ட வெயில் நாட்கள். முழுச் சுமைக்கு வேறு அமுக்கம் போடச்சொல்லி ஒட்டியில் இருந்தால் அதைப் பின்பற்றுங்கள். ரயரின் அளவை எழுதிய வரியின் கடைசியில் இருக்கும் இலக்கம் சுமைக்கானது. 155/65ஆர்14 75எஸ் என்றிருந்தால், 75 என்பது ஒரு ரயர் 387 கிலோ தாங்கும் என்பதன் குறி. வானுக்குக் கார் ரயர் மலிவாகக் கிடைக்கிறதென்று போட்டால் இந்த இலக்கம் குறைந்துபோகும். கடற்கரை மணலில் இறக்குவதற்காக ரயர்க் காற்றைக் குறைக்கும் வித்தை ஜீப்காரர்களுக்கு உரியது. திரும்ப நிரப்பப் பம்பு கையில் இல்லாதவர் அதைச் செய்யக்கூடாது.

ஸ்பெயார்

எல்லாரும் மறப்பது இதைத்தான். டிக்கிக்குள் இருப்பது ஒடுங்கிய தற்காலிகச் சில்லு என்றால் அதற்கு 420 கிலோபஸ்கல், அதாவது 60 பி.எஸ்.ஐ. தேவை. மற்ற ரயருக்கு அடிக்கிற 32ஐ அடித்துவிட்டால் அவசரத்தில் அது உதவாது. அதில் மணிக்கு 80 கிலோமீற்றருக்கு மேல் போகவும் கூடாது. ஜப்பானின் புதிய சின்னக் கார்கள் பலவற்றில் ஸ்பெயாரே இல்லை. பதிலுக்கு ஒரு பசைப் போத்தலும் சிறு பம்பும் இருக்கும். போத்தலில் காலாவதித் திகதியைப் பாருங்கள். வாங்கிய நாளிலிருந்து தொடாமல் இருக்கும் போத்தலில் திகதி கடந்து, பசை இறுகியிருக்கலாம். வெடித்த ரயரையோ பக்கச்சுவர் கிழிந்ததையோ அது அடைக்காது. இப்படிப்பட்ட காரில் மதவாச்சிக்கோ, பூநகரி வழியாக யாழ்ப்பாணத்துக்கோ அடிக்கடி போகிறவர்கள் பாவித்த நல்ல சில்லொன்றை வாங்கி டிக்கியில் வைத்துக்கொள்வதே நிம்மதி.

வீட்டில் நிற்கும்போதே ஒருதரம் நட்டுகளைக் கழற்றிப் பாருங்கள். உப்பில் துருப்பிடித்து இறுகிய நட்டு வீதியோரத்தில் இருட்டில் அசையாது. துருவைக் கம்பித் தூரிகையால் தேயுங்கள், கிறீஸ் பூசாதீர்கள். ஸ்பானரில் ஏறி நின்று மிதித்து இறுக்குவதும் வேண்டாம். மறையும் போல்ட்டும் பழுதாகும். கையால் நன்றாக இழுத்து, ஒன்றுக்கு எதிரான மற்றதை என்று மாறி மாறி இறுக்கினால் போதும்.

ஓடும்போது ரயர் வெடித்தால் பிரேக்கை மிதிக்காதீர்கள். ஸ்ரியரிங்கை இரண்டு கையாலும் நேராகப் பிடித்து, அக்சிலரேற்றரை மெல்ல விட்டு, கார் தானாக வேகம் குறையட்டும். தாம்போதியின் நடுவில் நிறுத்திச் சில்லு மாற்ற வேண்டாம். அபாய விளக்கைப் போட்டு மிக மெதுவாக அகலமான இடத்துக்கு உருட்டிக்கொண்டு போங்கள். ரயரும் றிம்மும் பழுதானாலும் பழுதாகட்டும். யாருக்கும் காயமென்றால் 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம். பொலிசுக்கு 119. பயணிகளைக் கடல் பக்க ஓரத்தில் காருக்கு வெளியே நிறுத்தி, ஜக்குக்கு அடியில் பலகைத் துண்டு ஒன்றை வைத்துத்தான் தூக்குங்கள். மணலில் ஜக்கு புதைந்து சரியும், அதற்கென்றே ஒரு தடித்த பலகையை டிக்கியில் போட்டுவையுங்கள். சில்லு மாற்றி ஐம்பது கிலோமீற்றர் ஓடியதும் எங்கேயாவது தேத்தண்ணீர் குடிக்க நிறுத்துவீர்கள்தானே, அப்போது நட்டுகளை இன்னொருதரம் இறுக்கிவிடுங்கள்.